தாயின் ஈரல் இருவருக்கு உழைக்கிறது

எட்டாம் மாதம் நடக்கும் ஒரு மருமகள். பகலில் ஓரளவு சமாளித்துவிடுகிறாள். இரவானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்குகின்றன. தூக்கமே இல்லை. "புள்ளைக்குத் தலைமுடி நெறைய இருக்கும்மா, அதான் அரிக்குது. பெத்துட்டா சரியாப் போயிடும்" என்று மாமி தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறார்.

அதே தெருவில் இன்னொரு வீடு. அங்கே ஒன்பதாம் மாதத்துப் பெண் ஒருத்தி. ரத்தப் பரிசோதனைத் தாளில் 'அல்கலைன் பாஸ்பேட்டேஸ்' என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் ஓர் எண் இருக்கிறது. கணவர் அதைக் கைப்பேசியில் தேடிப் பார்க்கிறார். ஈரல் நோய் என்று வருகிறது. வீடே கலங்கிப்போகிறது.

இரண்டும் பாடத்துக்காக நாம் கற்பனை செய்துகொண்ட வீடுகள். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் நம் ஊர்களில் உண்டு. இவற்றில் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய வீடு எது? அமைதியாக எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும் முதல் வீடுதான். கலங்கி நிற்கும் இரண்டாம் வீட்டில், வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் கவலைப்பட ஒன்றும் இருக்காது.

ஏன் இப்படி? கர்ப்ப காலத்தில் தாயின் கல்லீரல் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும். கர்ப்பம் என்றதும் நாம் கருப்பையைப் பற்றிப் பேசுகிறோம், ரத்த சோகையைப் பற்றிப் பேசுகிறோம், சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறோம். ஈரலைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்தக் குறையை இந்தப் பாடத்தில் கொஞ்சம் தீர்த்துக்கொள்வோம்.

ஈரல் என்ன செய்கிறது?

வலது பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது கல்லீரல். வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. இதயம் நிமிடந்தோறும் வெளியே தள்ளும் ரத்தத்தில் சுமார் கால் பங்கு ஈரலுக்குள் போய்த்தான் திரும்புகிறது. அந்த ரத்தத்தின் பெரும்பகுதி குடலிலிருந்து வருகிறது. நாம் சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தை முதலில் வாங்கிக்கொள்ளும் இடம் ஈரல்தான்.

அது சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது, பசித்த நேரத்தில் எடுத்துக் கொடுக்கிறது. கொழுப்பைப் பக்குவப்படுத்துகிறது. ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தயாரிக்கிறது. பித்தநீரைச் சுரக்கிறது. பழைய சிவப்பணுக்கள் அழியும்போது உண்டாகும் பிலிரூபின் என்ற மஞ்சள் கழிவை ரத்தத்திலிருந்து பிரித்து வெளியேற்றுகிறது. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பலவற்றையும் அதுவே உடைத்துத் தள்ளுகிறது. வீட்டில் அடுப்படி, சாமான் அறை, கழிவு வாய்க்கால் மூன்றும் செய்யும் வேலையை உடம்பில் இந்த ஓர் உறுப்பு செய்கிறது எனலாம்.

பத்து மாதத்தில் கூடும் வேலை

கர்ப்பம் தரித்த பெண்ணின் உடம்பில் ரத்தத்தின் அளவு மெல்ல மெல்லக் கூடி, கடைசி மாதங்களில் ஏறத்தாழ 40 முதல் 45 சதவீதம் வரை அதிகரிக்கிறது. இதயமும் அதற்கேற்ப அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. ஈரலுக்கு வரும் ரத்த ஓட்டமும் கூடுகிறது.

பிள்ளை வளர்வதற்கு முக்கியமான எரிபொருள் குளுக்கோஸ். அது நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்துதான் போக வேண்டும். அதனால் தாயின் ஈரல் குளுக்கோஸ் தயாரிப்பதைக் கூட்டுகிறது. கடைசி மூன்று மாதங்களில் வெறும் வயிற்றில் ஈரல் தயாரிக்கும் குளுக்கோஸின் அளவு, கர்ப்பத்துக்கு முன்பு இருந்ததைவிட சுமார் 30 சதவீதம் அதிகம் என்று அளந்து கண்டிருக்கிறார்கள்.

கொழுப்பிலும் மாற்றம் உண்டு. கொலஸ்ட்ரால் உயர்கிறது. டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். வேறு நேரமாக இருந்தால் மருத்துவர் கண்டிக்கும் அளவு இது. இப்போது அது தாய்க்கான எரிபொருள் இருப்பு. நஞ்சுக்கொடிக்கும் பிள்ளையின் வளர்ச்சிக்கும் தேவையான சரக்கு.

பிரசவத்தின்போது ரத்தம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கும் ஈரல் முன்கூட்டியே தயாராகிறது. ரத்தம் உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அளவுக்கு உயர்த்தி வைக்கிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் ரத்தப்போக்கு நிற்க இது துணை செய்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு: கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் கால் நரம்புகளில் ரத்தம் உறைந்துபோகும் ஆபத்து சற்றுக் கூடுகிறது. பிரசவித்த பெண்ணை முடிந்தவரை சீக்கிரம் எழுந்து நடமாடச் சொல்வது இதனால்தான்.

பிள்ளையின் கழிவும் தாயின் ஈரலில்

பலருக்கும் தெரியாத ஒரு செய்தி இது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஈரல் இருக்கிறது. ஆனால் மஞ்சள் கழிவைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் வேலையை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பிள்ளையின் உடம்பிலும் சிவப்பணுக்கள் அழிகின்றன, பிலிரூபின் உண்டாகிறது. அது நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்துக்கு வருகிறது. தாயின் ஈரல் அதையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிடுகிறது. பிள்ளை சுரக்கும் பித்த அமிலங்களும் பெரும்பாலும் அதே வழியில்தான் வெளியேறுகின்றன.

பிறந்த குழந்தைகள் பலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு மஞ்சளாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். தொப்புள்கொடி அறுந்ததும் தாயின் ஈரல் செய்துவந்த வேலை நின்றுபோகிறது. பிஞ்சு ஈரல் அந்தப் பொறுப்பை ஏற்கச் சில நாள் பிடிக்கிறது. (பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலோ, கைகால் வரை மஞ்சள் பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.)

ஆக, ஒரு கர்ப்பிணியின் ஈரல் இரண்டு பேருக்கு உழைக்கிறது. ஒருவருக்கு ஆக்கிப்போடும் வேலை, கழிவு அகற்றும் வேலை எல்லாம் இருவருக்கும் ஆகின்றன. இந்தக் கூடுதல் சுமையை அது எப்படித் தாங்குகிறது?

ஈரல் வளர்கிறதா?

எலிகளிலும் சுண்டெலிகளிலும் இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். சினைப்பட்ட எலியின் ஈரல் பெருமளவு வளர்கிறது. இருக்கிற செல்கள் பருக்கின்றன. புதிய செல்களும் உண்டாகின்றன. குட்டிகள் பால் மறந்தபின், கூடுதலான செல்கள் அழிந்து ஈரல் பழைய அளவுக்குத் திரும்புகிறது.

மனிதருக்கு? மகப்பேறு மருத்துவப் பாடநூல்கள், மனிதத் தாயின் ஈரல் அளவில் பெரிதாவதில்லை என்றே நெடுங்காலம் சொல்லிவந்தன. இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிதல்ல. கருப்பை பெரிதாகும்போது ஈரல் மேலேயும் பின்னேயும் தள்ளப்படுகிறது. கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு குழுவாக இதைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான பெண்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலும், கடைசிக் கட்டத்திலும், குழந்தை தாய்ப்பாலை மறந்த பின்னும் வயிற்றை ஸ்கேன் செய்து ஈரலின் கொள்ளளவைக் கணக்கிட்டார்கள். பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஈரல் பெரிதாகியிருந்தது. உடல் எடை கூடியதால் மட்டும் வந்த வளர்ச்சி அல்ல அது. பால் மறக்கடித்த பிறகு மீண்டும் பழைய அளவுக்கு வந்திருந்தது.

தானாக வளரும் ஆற்றல் கல்லீரலுக்கு உண்டு என்பது புதிய செய்தியல்ல. உறவினருக்காக ஈரலின் ஒரு பகுதியைத் தானம் செய்தவருக்கு மீதிப் பகுதி சில மாதங்களில் வளர்ந்து, ஏறத்தாழ முன்பிருந்த அளவுக்கு வந்துவிடுகிறது. அந்த ஆற்றலை உடம்பு பிள்ளைக்காகவும் பயன்படுத்துகிறது என்பதுதான் நாம் இங்கே கவனிக்க வேண்டியது. இந்த வளர்ச்சி நோயல்ல, தேவைக்கேற்ற ஏற்பாடு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: மருத்துவர் தொட்டுப் பார்க்கும்போது கையில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கர்ப்பிணியின் ஈரல் வீங்கியிருந்தால் அது இயல்பல்ல, காரணம் தேட வேண்டும்.

பரிசோதனைத் தாளை வாசிப்பது எப்படி?

பரிசோதனை நிலையங்கள் தாளில் அச்சிடும் 'சரியான அளவு' பெரும்பாலும் கர்ப்பிணி அல்லாதவர்களுக்கானது. அதனால் சில எண்கள் தவறாகத் தெரியும். சில எண்கள் சரியானவைபோலத் தோன்றி ஏமாற்றும்.

அல்கலைன் பாஸ்பேட்டேஸ் உயரலாம். இந்த நொதியை நஞ்சுக்கொடியும் தயாரிக்கிறது. கடைசி மாதங்களில் வழக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வரை போவது உண்டு. இது மட்டும் உயர்ந்து, மற்றவை சரியாக இருந்தால் பெரும்பாலும் அது நஞ்சுக்கொடியின் கணக்கு. இரண்டாம் வீட்டின் கதை இதுதான்.

அல்புமின் குறையலாம். ரத்தத்தில் நீர் கூடுவதால் அது நீர்த்துப்போகிறது. வழக்கமாக 4 கிராமுக்கு மேல் இருப்பவருக்குக் கடைசி மாதங்களில் 3 கிராம் அளவுக்கு இறங்கலாம்.

உள்ளங்கை சிவக்கலாம். மார்பிலும் கழுத்திலும் சிலந்தி வலைபோல மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரியலாம். ஈரல் நோயாளிகளுக்கும் இவை வருவதால் சிலர் பயந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் இவை வருகின்றன. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆனால் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிலிரூபின் ஆகிய மூன்றும் கர்ப்பத்தால் உயர்வதில்லை. உண்மையில் அவை சற்றுக் குறைந்தே இருக்கும். ஆகவே இவற்றில் எது உயர்ந்தாலும் 'மாசமா இருக்கா, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடக் கூடாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மருத்துவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த ஒரு பாகுபாட்டை மனத்தில் வைத்தால் போதும். தாளை வீட்டிலேயே படித்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

தாமதிக்கக் கூடாத நான்கு அடையாளங்கள்

ஒன்று: உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு. வயிற்றுத் தோல் விரிவதால் வயிற்றில் அரிப்பு வருவது சகஜம். ஆனால் தடிப்போ கொப்புளமோ இல்லாமல் கையிலும் காலிலும் அரிப்பு வந்து, இரவில் அதிகமானால், பித்தம் சரியாக வடியாமல் ரத்தத்தில் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் வரும். இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களுக்கு இது சற்று அதிகம் என்று பிரிட்டனில் கண்டிருக்கிறார்கள். தாய்க்கு இதனால் தூக்கம் கெடும். பிரசவத்துக்குப் பின் சரியாகிவிடும். பிள்ளைக்குத்தான் ஆபத்து. பித்த அமிலம் மிக அதிகமாக, 100 மைக்ரோமோல் அளவையோ அதற்கு மேலோ எட்டினால், பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோகும் அபாயம் கூடுகிறது. ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவைப் பார்த்து, எத்தனையாவது வாரத்தில் பிரசவம் பார்ப்பது என்று மருத்துவர் முடிவு செய்வார். அரிப்புக்கு எண்ணெய் தடவலாம், தவறில்லை. ஆனால் எண்ணெய் தடவியதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒரு முறை வந்தவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அதை மறக்காமல் முதல் பரிசோதனையிலேயே சொல்ல வேண்டும்.

இரண்டு: வலது விலாவுக்கு அடியில் அல்லது நெஞ்சுக்குழியில் வலி. இதை வாயுத்தொல்லை என்று நினைத்து சோடா குடிப்பவர்கள் உண்டு. ஐந்தாம் மாதத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் போய், அதோடு தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம் சேர்ந்தால் அது கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் கடுமையான நிலையாக இருக்கலாம். அந்த நோய் ஈரலையும் தாக்கும். சிவப்பணுக்கள் உடைவது, ஈரல் நொதிகள் உயர்வது, ரத்தத் தட்டுகள் குறைவது ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நிலைக்கு 1982இல் 'ஹெல்ப்' என்று பெயர் வைத்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்தான நிலை இது. அந்த வலிக்கு ஈரல் வீங்கி அதன் உறை இழுபடுவது காரணம். சோடாவுக்கு அது அடங்காது.

மூன்று: கடைசி மாதங்களில் திடீர் வாந்தி. முதல் மூன்று மாதத்தில் வரும் மசக்கை வாந்தி வேறு. ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்களில் புதிதாக வாந்தி, சோர்வு, பசியின்மை, வயிற்று வலி தொடங்கினால் கவனிக்க வேண்டும். அரிதாகச் சிலருக்கு ஈரல் செல்களுக்குள் திடீரென்று கொழுப்பு படிந்து ஈரல் செயலிழக்கத் தொடங்கும். ரத்தச் சர்க்கரை இறங்கும், ரத்தம் உறையாது. ஆயிரக்கணக்கான கர்ப்பங்களில் ஒன்றுக்கு வரும் நோய்தான். ஆனால் வந்தால் சில நாட்களில் முற்றிவிடும். உடனே பிரசவம் பார்ப்பதுதான் சிகிச்சை.

நான்கு: கண் மஞ்சளாவது, சிறுநீர் மஞ்சளாக அடர்ந்து போவது. கர்ப்ப காலத்தில் காமாலை எந்த மாதத்தில் வந்தாலும் இயல்பல்ல. இதற்கு வீட்டு வைத்தியத்தோடு காத்திருக்கக் கூடாது. ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

தண்ணீரில் வரும் காமாலை

1955 டிசம்பரில் டெல்லியில் காமாலை பரவியது. யமுனை நதியில் தண்ணீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்துவிட்டது. சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. பெரும்பாலோர் பிழைத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் நோய் கடுமையாக இருந்தது. சாவும் அவர்களிடையே அதிகம்.

1978இல் காஷ்மீர் பள்ளத்தாக்கில் அதே போன்ற கொள்ளை நோய் வந்தது. ஸ்ரீநகரைச் சேர்ந்த மருத்துவர் முகம்மது சுல்தான் குரூ ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைக் கணக்கெடுத்தார். ஆற்றிலும் ஓடையிலும் சுத்திகரிக்காத தண்ணீர் எடுத்த ஊர்களில் நோய் இருந்தது. சுமார் 52,000 பேருக்குக் காமாலை. 1,700 பேர் மரணம். அங்கும் கர்ப்பிணிகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அதுவரை அறியப்பட்ட காமாலைக் கிருமிகள் எதுவும் இதற்குக் காரணமில்லை என்று 1980இல் அவர் எழுதினார். பிற்பாடு அந்தக் கிருமிக்கு ஹெப்படைட்டிஸ் இ என்று பெயர் வந்தது.

மற்றவர்களுக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடும் இந்தக் காமாலை, கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்க நேரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏற்கெனவே இருவருக்கு உழைத்துக்கொண்டிருக்கும் ஈரலின் மேல் விழும் அடி இது.

நம் ஊரில் காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும், பத்தியம் இருப்பதும், மந்திரிப்பதும் பழக்கம். அக்கம்பக்கத்தில் நாலு பேர் அப்படிக் குணமானதைப் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலர் எதுவும் செய்யாமலே குணமாகியிருக்கக்கூடியவர்கள். கர்ப்பிணியின் நிலை அதுவல்ல. அவளுக்குக் காமாலை என்றால் அன்றே மருத்துவமனை. ரத்தம் உறைகிறதா, சர்க்கரை இறங்குகிறதா, நினைவு தடுமாறுகிறதா என்று மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய நோய் இது.

தடுப்பது நம் கையில் இருக்கிறது. கர்ப்பிணி குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போகட்டும். தெருவில் விற்கும் ஐஸ் போட்ட சாறு, தண்ணீர் ஊற்றிய சட்னி ஆகியவற்றை இந்தப் பத்து மாதம் தள்ளி வைக்கலாம். குழாயில் சாக்கடை நாற்றம் வந்தால் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தெருவே சேர்ந்து புகார் கொடுங்கள்.

ரத்தத்தில் வரும் காமாலை

ஹெப்படைட்டிஸ் பி என்ற இன்னொரு கிருமி ரத்தம் வழியாகப் பரவுகிறது. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். பிறக்கும்போது தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாக ஈரலில் தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்து ஈரல் சுருங்குவதும் புற்றுநோயும் வரலாம்.

இதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். அரசுத் திட்டத்தில் இது இலவசம். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்கு இன்னொரு பாதுகாப்பு ஊசியும் போடுவார்கள்; தாய்க்குக் கடைசி மாதங்களில் மாத்திரையும் தேவைப்படலாம். இவ்வளவும் செய்ய, தாய்க்குத் தொற்று இருப்பது முன்பே தெரிய வேண்டும். அதனால் கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 'பாசிட்டிவ்' என்று வந்தால் அந்தப் பெண்ணைக் குற்றவாளிபோலப் பார்க்காதீர்கள். அவளுக்கே அது பிறந்தபோது தன் தாயிடமிருந்து வந்திருக்கலாம். குழந்தைக்கு உரிய நேரத்தில் ஊசி போட்டபின் அவள் தாய்ப்பால் கொடுக்கலாம்.

பசியும் நோன்பும்

ஈரலில் சேமித்த சர்க்கரை, சாதாரணமானவருக்கு ஒரு இரவைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். கர்ப்பிணிக்கு அந்த இருப்பு சீக்கிரம் தீர்கிறது. பிள்ளை இடைவிடாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது அல்லவா? கடைசி மாதங்களில் இருக்கும் பெண்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் காலை உணவையும் தவிர்த்தபோது, கர்ப்பமில்லாத பெண்களைவிட விரைவாக ரத்தச் சர்க்கரை இறங்கி, கொழுப்பு எரிவதால் வரும் கீட்டோன்கள் ஏறியதை 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 'எல்லாரும் சாப்பிட்டபின் மருமகள் சாப்பிடட்டும்' என்ற வழக்கம் இன்னும் எந்த வீட்டிலாவது இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நிறுத்த வேண்டும்.

ரமலானில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததே. உடம்பு தாங்குமா என்பதை மருத்துவரிடமும், விடுபட்டதை எப்படி நிறைவேற்றுவது என்பதை ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மேலே சொன்ன ஈரல் தொந்தரவுகள் எதுவும் இருந்தால் கேட்காமல் நோன்பு பிடிக்க வேண்டாம். 'நான் எல்லாப் பிள்ளைக்கும் நோன்பு பிடிச்சேன்' என்று பெரியவர்கள் சொல்வது அவர்களுடைய உடம்பின் கதை; எல்லா உடம்பும் ஒன்றல்ல.

மாத்திரையும் சூரணமும்

ஈரல் உடைத்துத் தள்ள வேண்டியவற்றின் பட்டியலை நாம் வீணாக நீட்டக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணம், 'பிள்ளை சிவப்பாகப் பிறக்க' என்று விற்கும் பொடி ஆகிய எதையும் மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிடாதீர்கள். பாரசிட்டமால்கூட மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டினால் ஈரலைக் கெடுக்கும்.

பிரசவத்துக்குப் பின்

பிரசவத்தோடு ஈரலின் வேலை முடிந்துவிடுவதில்லை. இப்போது பால் சுரக்க வேண்டும். அதற்கான சத்தும் ஈரல் வழியாகத்தான் பக்குவப்பட்டுப் போகிறது. பெரிதான ஈரல் பால் மறந்த பின்னர்தான் பழைய அளவில் காணப்பட்டது என்று மேலே பார்த்தோம். எனவே நாற்பது நாள் முடிந்ததும் 'அவள் பழையபடி ஆகிவிட்டாள்' என்று கணக்கு முடித்துவிடாதீர்கள். பால் கொடுக்கும் காலம் முழுவதும் அவளுக்கு வயிறாரச் சாப்பாடும் ஓய்வும் வேண்டும்.

ரத்த அழுத்த நோயும் ஹெல்ப் நிலையும் பிரசவத்துக்குப் பிந்திய நாட்களிலும் தலைகாட்டக்கூடும். வீட்டுக்கு வந்தபின் கடும் தலைவலி, நெஞ்சுக்குழி வலி, கண் மங்கல் வந்தால் '108' ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம். கர்ப்பத்தில் ஈரல் தொந்தரவு இருந்தவர்கள், ஆறு வாரம் கழித்து மீண்டும் ரத்தப் பரிசோதனை செய்து எல்லாம் சரியாகிவிட்டதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

வீட்டில் கூடிப் பேசிப் பாருங்கள்

இந்தப் பாடத்தைப் படித்தவர் வீட்டில் மற்றவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. பரிசோதனைத் தாளில் எந்த எண் உயர்ந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை? எவை உயர்ந்தால் விட்டுவிடக் கூடாது?

2. எந்த அரிப்பு சகஜம்? எந்த அரிப்புக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்?

3. நம் வீட்டுக் கர்ப்பிணி குடிக்கும் தண்ணீர் கொதிக்க வைத்ததா?

4. நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் யார் கூடப் போவது, எந்த வண்டி, பரிசோதனைத் தாள்கள் எங்கே இருக்கின்றன?

நான்காம் கேள்விக்குப் பதில் இல்லாத வீடு இன்றே அதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு வீடுகளுக்கும் மீண்டும் போவோம். இரண்டாம் வீட்டுக் கணவர் தாளை மருத்துவரிடம் காட்டி, 'இது நஞ்சுக்கொடியால் வருவது' என்ற பதிலோடு நிம்மதியாகத் திரும்பலாம். முதல் வீட்டு மாமி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "விடிஞ்சதும் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருவோம்மா" என்று சொல்ல வேண்டும். அந்த மருமகளுக்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் தேவை.